வெட்டுவதற்கு முன் அளக்கும் பட்டறை: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கூரை இறக்கிய ஒரு ஹெரால்டு

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவும் பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவும் எல்லையைத் தாண்டுகிறவர்கள் வந்து சேரும் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் கடைத்தெருவில் தமிழே மிகுதியாகக் காதில் விழும். அந்த ஊரின் சுற்றுப்புறத்தில், பழைய கார்களை மட்டுமே எடுத்துச் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் என்னுடைய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டை முழுமையாகப் புதுப்பித்து, அதன் கூரையையும், தாங்கும் தூண்களை வெட்டி, இரண்டு அங்குலம் இறக்கி வாங்கியிருக்கிறேன். வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் ஒரு பாலக்காட்டுக் கோடையும் கடந்துவிட்டன என்பதால், வண்டியை எடுத்துவந்த மகிழ்ச்சியில் எழுதும் பாராட்டாக இல்லாமல், நிதானமான மதிப்புரையாக இதை எழுத முடிகிறது. பட்டறையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். கூரை வெட்டும் வேலையை விளம்பரப்படுத்த உரிமையாளருக்கு விருப்பமில்லை. அதற்கான சட்டக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஹெரால்டு குடும்பக் கார்தானே, அதை ஸ்போர்ட்ஸ் கார்களின் வரிசையில் எப்படி வைப்பது என்று கேட்பவர்கள் உண்டு. 1962இல் வெளிவந்த டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கி உருவாக்கப்பட்டதுதான், ஹெரால்டில் 91.5 அங்குலமாக இருந்த முன், பின் சக்கரங்களின் இடைவெளி அதில் 83 அங்குலமாயிற்று. இரண்டுக்கும் வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் முன்சக்கரங்கள் ஆகியவற்றைக் கொண்டிருந்த ஹெரால்டைச் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. அன்றைய அம்பாசடரை ஓட்டிவிட்டு இதில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

கூரை இறக்கும் வேலைக்கு ஹெரால்டு பொருத்தமாக அமைந்ததற்கு ஒரு தொழில் போட்டியே காரணம். ஹெரால்டை உருவாக்கிய பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்டாண்டர்டு டிரயம்ஃபுக்குக் காரின் உடலைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிக்கொண்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அச்சில் அழுத்திச் செய்து தர ஆள் இல்லாத நிலையில், தனிச் சேசிஸின் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டும் உடலாக ஹெரால்டு வடிவமைக்கப்பட்டது. மூடிய சலூன், முதுகு சரிந்த கூப்பே, திறந்த கார் ஆகிய மூன்றுக்கும் இடுப்புக்குக் கீழே ஒரே உடல்தான். கூரை மட்டும் மாறும். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் பின்தளத்திலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் கூரை தனியாகக் கையில் வந்துவிடும். திறந்த காருக்கும் அதே கதவு என்பதால் கதவுக் கண்ணாடியைச் சுற்றி மேல் சட்டகமும் கிடையாது. பெரும்பாலான பிற கார்களில் கூரையை இறக்குபவர்கள் கதவின் மேல்பகுதியையும் வெட்டிச் சுருக்க வேண்டும். இதில் அந்தத் தலைவலி இல்லை.

பட்டறையின் தலைமை டிங்கரை அங்கே எல்லோரும் ஆசான் என்றே அழைக்கிறார்கள். மூன்று அங்குலம் இறக்க வேண்டும் என்பது என்னுடைய விருப்பம். அவர் அதை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கூரையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ப்ளைவுட் துண்டுகளாலும் அட்டையாலும் மூன்று அங்குலம் தாழ்ந்த ஒரு பொய்க் கூரையை அமைத்து, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். "ஏனுங்க, அங்கிருந்தே அந்தத் தென்னையோட குருத்தைப் பாருங்க" என்றார். பட்டறை வாசலில் நின்ற தென்னையின் பாதி உயரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. சாலையில் ஓடும் காரில் இது எதைக் குறிக்கும் என்று அவர் விளக்கினார்: நிறுத்தக்கோட்டில் நிற்கும்போது தலைக்கு மேலுள்ள சிக்னல் விளக்கு மறைந்துவிடும், உள்ளே தொங்கும் பின்பார்வைக் கண்ணாடி இடப்பக்கச் சாலையின் ஒரு பகுதியை மறைக்கும், வெயில் மறைப்பை இறக்கினால் பாதிக் கண்ணாடி போய்விடும். பிறகு அட்டையை இரண்டு அங்குலத்துக்கு உயர்த்தி மறுபடி உட்காரச் சொன்னார். "வெட்டுனா வெட்டுனதுதானுங்க. அட்டையில தப்புப் பண்ணுனா அரை மணி நேரம், தகட்டுல பண்ணுனா ஆறு மாசம்." இருக்கையின் தண்டவாளத்தைத் தரையோடு ஒட்டித் தாழ்த்தி, இரண்டு அங்குலத்தில் முடிவு செய்தோம்.

கூரையை இறக்குவது ஒரு அமெரிக்கப் பழக்கம். கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களிலும் 1940களிலும் வேகப்போட்டி நடத்திய இளைஞர்கள், காற்றை எதிர்க்கும் முன்பரப்பைக் குறைப்பதற்காகப் பழைய ஃபோர்டு கார்களின் கூரைகளை வெட்டித் தாழ்த்தினார்கள். காலப்போக்கில் வேகம் பின்னுக்குப் போய் அழகு முன்னுக்கு வந்தது. 948 சி.சி. எஞ்சின் கொண்ட ஹெரால்டில் காற்றெதிர்ப்பைக் குறைத்து எதையும் பெரிதாகச் சாதித்துவிட முடியாது. தோற்றத்துக்காகத்தான் செய்தேன் என்பதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

இந்தப் பட்டறையின் மேல் எனக்கு மதிப்பு உண்டாக்கிய முடிவு இதற்குப் பிறகு எடுக்கப்பட்டது. என் காரின் உடலில் கத்தி வைக்க ஆசான் மறுத்துவிட்டார். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் ஒரு தென்னந்தோப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, சேசிஸின் பக்கக் கைகளெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்துபோன இன்னொரு இரண்டு கதவு ஹெரால்டைத் தேடிப் பிடித்து, அதன் முன்கண்ணாடிச் சட்டம் அடங்கிய முன்கூட்டையும் கூரையையும் பின்தளத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெட்டியது, ஒட்டியது எல்லாம் அந்த உதிரி உடலில்தான். என் காரின் அசல் முன்கூடும் கூரையும் கண்ணாடிகளும் துரு நீக்கி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அடையாளச் சீட்டு கட்டி என்னிடமே ஒப்படைக்கப்பட்டன. என்றைக்கு வேண்டுமானாலும் காரைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஹெரால்டு போன்ற கார்களில் மட்டுமே எளிதாகச் சாத்தியப்படும் இந்த வழியை, காரைக் கொண்டுபோய் நிறுத்திய அன்றே யோசித்துச் சொன்ன வேறொரு பட்டறையை எல்லையின் இரு பக்கத்திலும் நான் பார்த்ததில்லை.

கூரையை வெட்டி இறக்குவது என்றால் கூரையைத் தாங்கும் பில்லர்கள் நான்கிலும் ஒரே அளவு எடுத்துவிட்டு ஒட்டுவது என்று பலரும் நினைக்கிறார்கள். முன் பில்லர்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. அவற்றில் இரண்டு அங்குலத்தை எடுத்துவிட்டுக் கூரையை நேராகக் கீழே இறக்கினால், கூரையோடு இருக்கும் மேல்துண்டு, கீழே நிற்கும் அடித்துண்டுக்குப் பின்னால் போய் நிற்கும், இரண்டும் சந்திக்காது. கூரையை நடுவில் குறுக்கே வெட்டி ஒரு பட்டை சேர்த்து நீட்டுவது வழக்கமான தீர்வு. பெரிய தட்டையான தகட்டின் நடுவில் நீளமான வெல்டிங் வந்தால் வெப்பத்தில் தகடு நெளியும், பிறகு பட்டியைப் பூசித்தான் மறைக்க வேண்டும் என்று ஆசான் அதைத் தவிர்த்தார். கூரை முழுவதையும் முன்னோக்கி நகர்த்தி முன் பில்லரோடு சேர்த்துவிட்டு, பின்கண்ணாடியின் அடிப்பகுதியை இருந்த இடத்திலேயே விட்டு மேல்பகுதியை மட்டும் முன்னால் சாய்த்தார். உயரம் குறைய, சரிவு கூடியது. கூப்பே காரின் முதுகுக்கோடு தானாகவே அமைந்துவிட்டது. பில்லர்கள் உள்நோக்கியும் சற்றுச் சாய்ந்திருப்பதால் அகலத்தில் வந்த சிறு வேறுபாட்டைக் கூரையின் மூலைகளில் வெட்டுக்கொடுத்துத் தளர்த்திச் சரிசெய்தார்கள். கதவு வாயில்களில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கூட்டை இறுக்கிய பிறகே முதல் வெட்டு விழுந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் வாயில் விரிந்து, பிற்பாடு கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காகச் சாத்தாது.

பின்கண்ணாடியைச் சாய்த்ததற்கு அழகைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. அது டஃபண்ட் கண்ணாடி. சூடேற்றி வேகமாகக் குளிர்வித்து இறுக்கம் ஏற்றப்பட்ட அந்தக் கண்ணாடியை வெட்ட முடியாது. விளிம்பில் ஆழமாகக் கீறினாலே முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறும். அதன் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு சாய்ப்பதால் அந்தக் கண்ணாடியையே பயன்படுத்த முடிந்தது. கதவுக் கண்ணாடிகளுக்கும் பின்பக்க ஓரக் கண்ணாடிகளுக்கும் அட்டை மாதிரி வெட்டிக் கோவைக்கு அனுப்பி, புதிய கண்ணாடியை அளவுக்கு வெட்டிய பிறகு டஃபன் செய்து வாங்கினார்கள்.

முன்கண்ணாடி வேறு கதை. அது இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. வெட்டலாம், ஆனால் வளைந்த கண்ணாடியை வெட்டுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். நான் அருகில் நின்று பார்த்தேன். கண்ணாடியைப் பழைய கம்பளி விரித்த மேசையில் கிடத்தி, மேல்விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் டேப் ஒட்டிக் கோடு கண்டார்கள். வெளிப்பக்கம் ஒரு கீறல். திருப்பிப் போட்டு உள்பக்கம் அதே கோட்டின் மேல் இன்னொரு கீறல். கட்டர் ஓடும்போது ஓசை சீராக இருக்க வேண்டும், நடுவில் ஓசை தடைப்பட்டால் அந்த இடத்தில்தான் விரிசல் கிளை பிரியும் என்றார் ஆசான். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து விரல்கணுவால் தட்டத் தட்ட, கீறலுக்கு அடியில் வெள்ளி நூலைப் போல விரிசல் மெல்ல ஓடியது. இரண்டு தாளும் பிளந்த பின் நடுப்படலம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டில் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பற்றவைத்தார்கள். நீலச் சுடர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடி அணைவதற்குள் படலம் இளகியது. இருவர் கண்ணாடியை மயிரிழை அகலத்துக்கு விலக்கிப் பிடிக்க, ஆசான் பிளேடை நுழைத்து இழுத்தார். முதல் கண்ணாடி மூலை வளைவில் உடைந்துபோனது, இரண்டாவது தப்பியது. ஒன்று உடையலாம், அதன் விலை வாடிக்கையாளருடையது, இரண்டாவதும் உடைந்தால் பட்டறையுடையது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

தகட்டு வேலையும் உயர்ந்த தரம். பில்லர் இணைப்புகளை டிக் வெல்டிங்கில் அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக, ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, சூடு ஓரிடத்தில் தேங்காமல் பார்த்துக்கொண்டார்கள். டாலிக் கட்டையை அடியில் பிடித்துச் சுத்தியால் தட்டிச் சமப்படுத்திய பிறகு பட்டி மிக மெல்லியதாகவே தேவைப்பட்டது. வாகனக் கண்காட்சிகளில் பார்க்கக் கிடைக்கும் பல 'புதுப்பித்த' கார்களின் பின் பில்லரில் காந்தத்தை வைத்தால், பட்டியின் தடிப்பால் ஒட்டாமல் விழும். இதில் எல்லா இடத்திலும் ஒட்டுகிறது.

எஞ்சின் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வால்வு வந்து அமரும் சீட்டுகளைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் முடிந்துபோனதால் கடினமான வால்வு சீட்டுகளைப் பதித்தார்கள். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் போட்டார்கள். பின்புறக் குறுக்கு ஸ்பிரிங் பட்டையைச் சற்றுத் தாழ்த்தினார்கள், ஆனால் நான் கேட்ட அளவுக்கு இல்லை. ஹெரால்டின் ஊசலாடும் பின் அச்சு, வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிச்சக்கரத்தை உள்ளே மடித்துக் காரைத் தூக்கிவிடும் குணம் கொண்டது. பட்டையை இஷ்டப்படி மாற்றினால் அந்தக் குணம் எப்படி வெளிப்படும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மெக்கானிக். சரியான பதில்.

இனிக் குறைகள். கத்தியும் சுத்தியும் பிடிப்பவர்களிடம் இருக்கும் பொறுமை, அதற்குப் பின் வருபவர்களிடம் இல்லை. பெயின்ட் பூத் என்பது பிளாஸ்டிக் தாள் கட்டிய ஒரு கொட்டகைதான். பாலக்காட்டுக் கணவாயின் காற்று எந்த நேரத்திலும் மண்ணை அள்ளிக்கொண்டு வரும் இடத்தில், வேலை குவிந்திருக்கிறது என்பதற்காக அந்தக் காற்றுக் காலத்திலேயே அடித்துவிட்டார்கள். பானெட்டின் இடப்பக்கத்தில் கையை ஓட்டினால் மணல் துகள்கள் இன்றும் தட்டுப்படுகின்றன. ஹெரால்டின் முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாகத் திறக்கும் பானெட் என்பதால், பார்வையாளர்கள் முதலில் குனிந்து பார்க்கும் இடமும் அதுதான். மீண்டும் அடித்துத் தருகிறோம் என்றார்கள், நாள் குறிக்கவில்லை.

வயரிங்கில் எல்லாக் கம்பிக்கும் ஒரே நிறம். ஒன்று போனால் எது எங்கே போகிறது என்பது போட்டவருக்கு மட்டுமே தெரியும். கூரை உள்துணியை வெளியே ஒரு குஷன் கடையில் கொடுத்து ஒட்டியிருந்தார்கள். கோடை வெப்பம் நாற்பது டிகிரியைத் தொட்டபோது பசை இளகிப் பின்கண்ணாடிக்கு மேலே துணி தொங்கியது. சாய்ந்த கண்ணாடி முன்பைவிட அதிக வெயிலை உள்ளே விடும் என்பது வேலை தொடங்கும்போதே தெரிந்த விஷயம். அதற்கேற்ற பசையைக் குஷன் கடைக்குச் சொல்லியனுப்பியிருக்க வேண்டியது பட்டறை.

பெரிய குறை மழையில் வெளிப்பட்டது. தென்மேற்குப் பருவம் கணவாய் வழியாகச் சாய்ந்தடித்த முதல் வாரத்திலேயே, முன்கண்ணாடியின் வலது மேல்மூலையிலிருந்து நீர் இறங்கி, உள்துணியில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. கையால் தேய்த்து உருவாக்கிய கண்ணாடி மூலையின் வளைவும் ரப்பர் பீடிங்கின் வளைவும் அந்த ஓர் இடத்தில் ஒத்துப்போகவில்லை. ஆசான் நேரில் வந்து கண்ணாடியை எடுத்து, மூலையை மறுபடி தேய்த்து, பணம் வாங்காமல் பொருத்திக் கொடுத்தார். அதன் பிறகு கசிவு இல்லை. ஆனால் அவ்வளவு கவனமாகக் கண்ணாடியை வெட்டியவர்கள், காரைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு ஹோஸ் பைப்பால் நீரைப் பாய்ச்சிப் பார்த்திருந்தால் அந்தக் கோடே விழுந்திருக்காது.

கால அளவைப் பற்றி: ஓணத்துக்கு என்று சொன்ன கார் பொங்கல் தாண்டித்தான் கிடைத்தது. தகட்டு வேலையில் ஏற்பட்ட தாமதத்தை நான் பொருட்படுத்தவில்லை. பெயின்டுக்கும் வயரிங்குக்கும் ஆள் வராமல் கார் சும்மா நின்ற வாரங்களைத்தான் குறை சொல்கிறேன். கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. கூலி தனி, பொருள் தனி. பொருளுக்கு ரசீதைக் காட்டுகிறார்கள், கூலிக்கு முறையான பில் கேட்டால்தான் வருகிறது. கூரை வேலையின் கூலி மட்டும் ஒன்றரை இலட்சம் ரூபாய் ஆயிற்று. செய்த வேலைக்கு அது நியாயமான தொகை என்றே கருதுகிறேன்.

சட்டத்தைப் பற்றிப் பட்டறையினர் மழுப்பாமல் பேசுகிறார்கள் என்பது அவர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் அசல் அமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. இதைத் தளர்த்திப் பொருள்கொண்ட கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; அதற்குப் பிறகு கேரளத்தில் சோதனைகள் கடுமையாயின. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளும் கூரை வெட்டிய காருக்கு உதவாது. ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு இருபதாயிரம் ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுக்குத் தனிப் பதிவு தரும் அந்த விதிகள், சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்திருக்கின்றன. ஆகவே கூரை இறக்கிய உடலோடு இருக்கும் வரை என் கார் பொதுச் சாலைக்கு வருவதில்லை. தோப்புக்குள் உள்ள தனிவழியில் ஓடுகிறது. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போவதானால் பிளாட்பெட் வண்டியில் ஏறிப் போகிறது. விண்டேஜ் பதிவு வேண்டும் என்று தோன்றும் நாளில் அசல் உடலை எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். அசல் உடலில் கை வைக்காமல் விட்ட ஆசானின் முடிவு, சட்டத்தின் கண்ணிலும் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

அதே ஊரிலிருந்து ஃபியட்டையோ அம்பாசடரையோ கொண்டுபோய்க் கூரையை வெட்டித் தரும்படி கேட்ட சிலரை இவர்கள் திருப்பி அனுப்பியதையும் கண்டிருக்கிறேன். அந்தக் கார்களில் கூரையும் உடலும் ஒரே கூடு. வெட்டினால் திரும்ப வழியில்லை. அத்தகைய வேலைக்கு ஆள் தேடுபவர்கள் இங்கே வருவதில் பயனில்லை. ஹெரால்டு வைத்திருப்பவர்களும், துருப்பிடித்த பழைய காரின் தகட்டு வேலையை மட்டும் நம்பி ஒப்படைக்க இடம் தேடுபவர்களும் தயங்காமல் போகலாம். பெயின்டைக் கோவையில் நல்ல பூத் உள்ள இடத்தில் அடித்துக்கொள்வதாகவும், வயரிங்கை நிறவாரியாகப் போட்டு வரைபடம் தர வேண்டும் என்றும் தொடக்கத்திலேயே பேசி, நோட்டுப் புத்தகத்தில் எழுத வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவுள்ள கார் பட்டறையில் நிற்கும் காலம் நீளும் என்பதால் பதிவுச் சான்றின் நகலையும், உதிரிக் கார் வாங்கினால் அதன் உரிமையாளர் எழுதிக்கொடுத்த சீட்டையும் காருக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. காரைத் திரும்ப எடுப்பதை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்து, மழை பெய்யும் நாளில் பட்டறை முற்றத்திலேயே அரை மணி நேரம் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து மூலைகளைப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.